கர்ப்பகாலத்தில் மருந்து: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக் கடையில் கர்ப்பிணிகளும், அவர்களுக்காக வரும் மாமியும் மாப்பிள்ளையும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் பொதுப்படையானவை. உங்கள் உடம்பையும் ஸ்கேனையும் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டோமே என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் வேண்டிய மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் குறைவு. மருந்துக் கடை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று நான் அதிகம் பார்ப்பது அப்படி நிறுத்துபவர்களைத்தான்.

உண்டாயிருப்பது தெரியாமல் மாத்திரை சாப்பிட்டுவிட்டேன். கலைக்க வேண்டியிருக்குமா?

பெரும்பாலும் வேண்டியிருக்காது. கரு உருவான முதல் இரண்டு வாரத்தில் ஒரு மருந்து கெடுதல் செய்தால் கரு தங்காமல் போகும். தங்கிவிட்டால் பொதுவாக ஊனம் இல்லாமல் வளரும். உறுப்புகள் உருவாவது அதற்குப் பிறகு, கரு உருவான மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை. கடைசி மாதவிலக்குத் தேதியிலிருந்து எண்ணினால் சுமார் 5 முதல் 10 வாரம். மருந்தில் கவனம் மிகவும் தேவைப்படும் காலம் அதுதான். பல பெண்கள் கர்ப்பத்தைக் கண்டுபிடிப்பதும் அந்த வாரங்களில்தான்.

இன்னொரு கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். எந்த மருந்தும் சாப்பிடாத தாய்மாருக்குப் பிறக்கும் 100 குழந்தைகளிலும் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு ஏதாவது பிறவிக் குறை இருக்கும். ஆகவே நடப்பதற்கெல்லாம் மாத்திரை காரணம் ஆகாது. உறுதியாகக் கெடுதல் செய்யும் மருந்துகளின் பட்டியல் நாம் நினைப்பதைவிடச் சின்னது. முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயின், வலிப்புக்கான வால்புரோயேட், மூட்டுவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கொடுக்கும் மீத்தோட்ரெக்சேட், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் போன்றவை அதில் வரும். இவற்றில் ஒன்றைச் சாப்பிட்டிருந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

மாத்திரை அட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, ஒரு நாளைக்கு எத்தனை என்று ஒரு தாளில் எழுதி, அட்டையோடு கொண்டுபோங்கள். தாங்களாகவே கலைப்பு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதுதான் உண்மையான ஆபத்து. கரு கர்ப்பப்பைக்குள் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரையால் கலையாது. உள்ளே ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைக்குப் போக, மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை சாப்பிட்டேன். இப்போது டெஸ்டில் இரண்டு கோடு. பயமாக இருக்கிறது.

மாசி மாதம் வந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடும். அந்த மாத்திரையில் இருப்பது நார்எதிஸ்டிரோன் என்னும் ஹார்மோன். கொடைக்காகச் சில நாள் சாப்பிட்டதற்கு யாரும் கலைக்கச் சொல்ல மாட்டார்கள். பெண் குழந்தையின் பிறப்புறுப்பு வளர்ச்சியில் மாற்றம் வந்ததாகச் சொல்லப்படுவது, அதிக அளவில், வாரக்கணக்கில், மூன்றாம் மாதத்தை ஒட்டிச் சாப்பிட்டவர்களுக்கு. மாத்திரையை உடனே நிறுத்துங்கள், முதல் செக்கப்பில் சொல்லுங்கள். மாமி பக்கத்தில் இருக்கிறார் என்று டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

அடுத்த வருஷத்துக்கு ஒரு யோசனை: கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டென்றால், அந்த மாத்திரையைத் தொடங்குமுன் ஒரு டெஸ்ட் கார்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

தைராய்டு, பிரஷர், வலிப்பு, ஆஸ்துமா, இவற்றுக்கு வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது. ஆனால் எல்லாவற்றையும் அப்படியே தொடரலாம் என்றும் சொல்ல முடியாது. கர்ப்பம் உறுதியான அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். முடிந்தால் குழந்தைக்குத் திட்டமிடும்போதே பார்த்துவிடுவது மேல்.

தைராய்டு மாத்திரையைக் கட்டாயம் தொடர வேண்டும். முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோன்தான் துணை. அதனால் டோஸ் பெரும்பாலும் கால் பங்கோ அதற்கு மேலோ கூடும். "பிள்ளைக்கு ஆகாது" என்று பக்கத்து வீட்டு மைனி சொன்னதைக் கேட்டு இதை நிறுத்துபவர்கள் இன்றும் உண்டு. தைரோநார்மோ எல்ட்ராக்சினோ, பெயர் எதுவானாலும், இரும்பு, கால்சியம் மாத்திரைகளிலிருந்து நாலு மணி நேரம் தள்ளியே சாப்பிட வேண்டும்.

பிரஷரில் கதை மாறும். டெல்மிசார்டன், லோசார்டன், எனாலபிரில், ராமிபிரில் இவையெல்லாம் கர்ப்பத்தில் ஆகாது. குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்து, பனிக்குட நீரைக் குறைத்துவிடும். இவற்றுக்குப் பதில் லாபெட்டலால், நிஃபெடிபைன், மெத்தில்டோபா என்று மாற்றித் தருவார்கள். மாத்திரையே இல்லாமல் பிரஷரை ஏறவிட்டால் தாய்க்கு வலிப்பு வரலாம், குழந்தையின் வளர்ச்சி குறையலாம்.

வலிப்பு நோய்க்கு வால்புரோயேட் சாப்பிடுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அதைக் கர்ப்பத்தில் சாப்பிட்டவர்களின் 100 குழந்தைகளில் ஏறத்தாழ 10 குழந்தைகளுக்குப் பிறவிக் குறையும், 30 முதல் 40 குழந்தைகளுக்கு வளர்ச்சி, படிப்பு, பேச்சு சார்ந்த சிக்கலும் வருகின்றன. லெவெட்டிராசிட்டம், லாமோட்ரிஜின் ஆகியவை இதைவிட எவ்வளவோ மேல். ஆனால் மாற்ற வேண்டியது நரம்பியல் டாக்டர். ஒரே நாளில் நிறுத்தினால் தொடர் வலிப்பு வரலாம். குளத்தில் குளிக்கும்போதோ அடுப்படியிலோ வலிப்பு வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து.

இன்ஹேலரைத் தாராளமாகத் தொடரலாம். அம்மாவுக்கு மூச்சு முட்டினால் பிள்ளைக்கும் ஆக்சிஜன் குறையும். இதய வால்வு மாற்றிய பெண்கள் வார்ஃபரின் பற்றி முதல் வாரமே பேசிவிடுங்கள். மனநல மாத்திரையைத்தான் வீட்டார் முதலில் பிடுங்கி வைக்கிறார்கள். தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல் ஒரு பெண் தவிப்பதும் குழந்தைக்கு நல்லதில்லை. செர்ட்ராலின் போன்ற சில மருந்துகள் கர்ப்பத்தில் பல வருஷங்களாகப் பயன்பட்டு வருபவை. வெட்கப்படாமல் கேளுங்கள்.

காய்ச்சல், தலைவலிக்கு எது சாப்பிடலாம்? பாராசிட்டமால் சாப்பிட்டால் பிள்ளைக்கு ஆட்டிசம் வருமென்று வாட்ஸ்ஆப்பில் வந்ததே?

பாராசிட்டமால்தான். 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், தேவைப்படும் நாள்களுக்கு மட்டும். 650 என்றால் ஒரு நாளில் நாலைத் தாண்ட வேண்டாம்.

2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு இதையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டுப் பேசியது. அங்கிருந்து கிளம்பியதுதான் அந்த வாட்ஸ்ஆப் செய்தி. அப்படி உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் உடனே சொன்னது. அதற்கு முந்தைய வருஷமே சுவீடனில் சுமார் 25 லட்சம் குழந்தைகளின் விவரத்தைப் பார்த்தார்கள். ஒரே தாயின் பிள்ளைகளில், மாத்திரை சாப்பிட்ட கர்ப்பத்தில் பிறந்த பிள்ளையையும் சாப்பிடாத கர்ப்பத்தில் பிறந்த பிள்ளையையும் ஒப்பிட்டபோது வித்தியாசம் தெரியவில்லை. காய்ச்சலை ஏறவிடுவதுதான் கெடுதல், முதல் மூன்று மாதத்தில் கூடுதலாக. இரண்டு நாளில் இறங்காத காய்ச்சலுக்கு மாத்திரையை நம்பி வீட்டில் இருக்க வேண்டாம். டெங்குவா, எலிக்காய்ச்சலா, சிறுநீர்த் தொற்றா என்று பார்க்க வேண்டும்.

முதுகுவலி தாங்கவில்லை. மாமி போடும் வலி மாத்திரையில் ஒன்று போட்டுக்கொள்ளட்டுமா?

வேண்டாம். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரோஃபன், மெஃபெனாமிக் ஆசிட் எல்லாம் ஒரே குடும்பம். 20 வாரத்துக்குப் பிறகு இவை குழந்தையின் சிறுநீரகத்தைத் தாக்கிப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். ஏழாம் மாதம் தாண்டினால், பிறந்த பிறகு மூட வேண்டிய ஒரு ரத்தக்குழாய் வயிற்றுக்குள்ளேயே சுருங்கிவிடும் ஆபத்தும் உண்டு. டெங்குக் காய்ச்சலில் சாப்பிட்டால் ரத்தக் கசிவு வேறு.

இதில் ஏமாற்றுவது கூட்டு மாத்திரைகள். காம்பிஃபிளாமிலும் சீரோடால்-பியிலும் பாராசிட்டமால் இருக்கிறது, கூடவே இந்தக் குடும்பத்து மருந்து ஒன்றும் இருக்கிறது. "பாராசிட்டமால்தானே" என்று நம்பி வாங்குகிறார்கள். அட்டையின் பின்புறம் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். படிக்க முடியாவிட்டால் கடைக்காரரை வாசிக்கச் சொல்லுங்கள். அது அவருடைய வேலை.

முதுகுவலிக்கு முதலில் வெந்நீர் ஒத்தடம், இடதுபுறம் சாய்ந்து முழங்காலுக்கு நடுவே தலையணை வைத்துப் படுப்பது. விட்டுவிட்டு வருகிற இடுப்புவலி என்றால் அது பிரசவ வலியாக இருக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வர்ம ஆசானிடம் தடவப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். நம் ஊரில் அந்தக் கை வைத்தியத்துக்கு உள்ள மரியாதை எனக்கும் உண்டு. ஆனாலும் வயிறு, அடிவயிறு, இடுப்பு ஆகியவற்றை அழுத்தித் தடவுவதைப் பிரசவம் முடியும்வரை தள்ளிவையுங்கள்.

கல்ஃபிலிருந்து மாப்பிள்ளை கொடுத்துவிட்ட மருந்துகள் பெட்டியில் இருக்கின்றன. பயன்படுத்தலாமா?

குமரியில் பாதி வீட்டு அலமாரியில் இந்தப் பெட்டி இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பனடோல் என்பது நம்ம பாராசிட்டமால்தான், சாப்பிடலாம். இங்கே வாங்கிய டோலோவும் அங்கிருந்து வந்த பனடோலும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒரே மருந்து இரட்டிப்பாகும். பனடோல் எக்ஸ்ட்ராவில் ஒவ்வொரு மாத்திரையிலும் 65 மில்லிகிராம் காஃபின் கூட இருக்கிறது. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம்தான் எல்லை, அதில் நீங்கள் குடிக்கும் காப்பியும் சேர்த்தி. சளிக்கென்று வரும் வகைகளில் மூக்கடைப்பு மருந்து சேர்ந்திருக்கும், அதை விட்டுவிடுங்கள். புரூஃபென் என்றால் ஐபுபுரோஃபன், மேலே சொன்ன குடும்பம்.

ஃபாஸ்டம் ஜெல்லை எல்லோரும் "வெறும் தடவுகிற மருந்துதானே" என்பார்கள். அதில் இருக்கும் கீட்டோபுரோஃபனும் அதே குடும்பம்தான், தோல் வழியாக ரத்தத்தில் சேரும். கடைசி மூன்று மாதத்தில் தொடவே வேண்டாம். நம்மூரில் கிடைக்கும் டைக்ளோஃபினாக் ஜெல்லுக்கும் இதுவே பதில். கோடாலித் தைலத்தை நெற்றியில் ஒரு சொட்டுத் தேய்ப்பதில் பயமில்லை; இடுப்பு முழுக்கப் பூசிக்கொள்ள வேண்டாம். அரபியில் மட்டும் எழுதியிருந்து என்னவென்று தெரியாத மாத்திரை எதுவானாலும் அது அலமாரியிலேயே இருக்கட்டும்.

இரும்பு மாத்திரை சாப்பிட்டால் வாந்தி, மலம் கறுப்பாகப் போகிறது. கருப்பட்டிக் காப்பியில் இரும்பு இருக்கிறதே, அது போதாதா?

போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட்டும் இருக்கின்றன. நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, குறைந்தது 180 நாள். பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள். ரத்தம் குறைவாக இருந்தால் டாக்டர் இரண்டாக்குவார். கருப்பட்டியைக் கொண்டு இந்த அளவை எட்ட முடியாது. காப்பியோ டீயோ மாத்திரையோடு சேர்ந்தால் இரும்பு உடம்பில் ஏறுவதையும் தடுத்துவிடும். சர்க்கரை கூடியிருப்பவர்களுக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதைச் சொல்லிவைக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மலம் கறுப்பது இயல்பு. குமட்டினால் இரவு சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, படுக்கப் போகும் முன் போடுங்கள். ஒரு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நல்லது. கால்சியத்தை இதோடு சேர்க்கவே கூடாது, குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளுங்கள். கால்சியம் 500 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை, காலையும் மதியமும் சாப்பாட்டோடு சாப்பிட்டால் இரவு இரும்புக்கு இடம் கிடைக்கும். தைராய்டு மாத்திரையும் உள்ளவர்கள் அதை விடிந்ததும் வெறும் வயிற்றில் போட்டு, கால்சியத்தை மதியத்துக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் மாற்றி, இரும்பைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம். நாலு மணிக் காப்பியிலிருந்து ஒரு மணி நேரம் விட்டு.

முதல் மூன்று மாதத்துக்கு ஃபோலிக் ஆசிட் மட்டும். அதைக் கர்ப்பத்துக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குவதுதான் சரி. குழந்தையின் தண்டுவடம் மூடுவது கரு உருவான முதல் நாலு வாரத்தில் முடிந்துவிடும்.

வாந்தி நிற்கவே இல்லை.

டாக்சிலமைன், வைட்டமின் பி6 சேர்ந்த மாத்திரை பல வருஷம் சோதித்துப் பார்க்கப்பட்டது, பாதுகாப்பானது. தூக்கம் வரும், இரவில் தொடங்குங்கள். ஆன்டான்செட்ரானை முதலில் தொட வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் சாப்பிட்டால் உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு பத்தாயிரத்தில் மூன்று அதிகமாகலாம் என்று ஓர் ஆய்வு சொல்கிறது. சின்ன எண்தான். மற்றது கேட்காவிட்டால் டாக்டர் அதையும் தருவார், பயப்படாமல் சாப்பிடுங்கள். சுக்கோ இஞ்சியோ கொஞ்சம் சேர்க்கலாம். தண்ணீர்கூடத் தங்காமல் சிறுநீர் மஞ்சளாகக் குறைந்துபோனால் ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டும்.

நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், சளி?

எரிச்சலுக்கு ஆன்டாசிட் ஜெல், தேவைப்பட்டால் டாக்டர் சொல்லி பான்டோபிரசோல். மலச்சிக்கலுக்கு இசப்கோல், லாக்டுலோஸ், ஏத்தம்பழம். விளக்கெண்ணெய் வேண்டாம், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும். சளிக்கு ஆவி, உப்புத்தண்ணீர்ச் சொட்டு, தும்மலுக்கு செட்டிரிசின்.

மழை வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். நானும் சாப்பிடலாமா?

இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நமது. வயலிலும் ரப்பர் தோட்டத்திலும் தேங்கிய தண்ணீரில் கால் வைப்பவர்களுக்கு இந்தக் காய்ச்சல் புதிதல்ல. எல்லோருக்கும் கொடுப்பது டாக்சிசைக்ளின். கர்ப்பிணிக்கு அது ஆகாது. நாலாம் மாதத்துக்கு மேல் குழந்தையின் பற்களில் நிரந்தரக் கறை விழலாம். "நான் ஆறு மாசம்" என்று சொன்னால் உங்களுக்கு வேறு ஆன்டிபயாட்டிக் தருவார்கள். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, வீட்டுக்கு வந்து யோசிக்க வேண்டாம்.

மற்றபடி ஆன்டிபயாட்டிக் என்றாலே பயப்படத் தேவையில்லை. அமாக்சிசிலின், செஃபலெக்சின் போன்றவை கர்ப்பத்தில் சாதாரணமாகத் தருபவை. சிறுநீர்த் தொற்றை மருந்தில்லாமல் விட்டால் குறைமாதப் பிரசவம் ஆகலாம். வயிற்றுப்போக்குக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள்தான் வேண்டாதவை. அதற்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் போதும்.

நாய் கடித்துவிட்டது. கர்ப்பிணிக்கு ஊசி போடலாமா?

போட்டே ஆக வேண்டும், அன்றே. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநாய்க்கடி ஊசியும், தேவைப்பட்டால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் கர்ப்பத்தில் பாதுகாப்பானவை. வெறிநோய் வந்தபின் காப்பாற்ற வழியில்லை. ரப்பர் பால் வெட்டப் போகும் இடத்தில் பாம்பு கடித்தாலும் இதே பதில்: விஷமுறிவு மருந்தைக் கர்ப்பத்தைக் காட்டி யாரும் மறுக்கக் கூடாது, நீங்களும் மறுக்கக் கூடாது.

கஷாயமும் அரிஷ்டமும் பச்சிலைதானே?

எல்லாம் பச்சிலை இல்லை. செந்தூரம், பற்பம் என்று வருபவற்றில் பாதரசம், ஈயம் போன்ற உலோகங்கள் இருக்கலாம். அரிஷ்டங்களில் புளித்து உண்டாகும் ஆல்கஹால் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கும். அவற்றில் சில பிரசவத்துக்குப் பிறகு கொடுப்பதற்கென்றே உள்ளவை. கற்றாழைச் சாறு குடிக்க வேண்டாம்.

சித்தாவோ ஆயுர்வேதமோ வேண்டுமென்றால் படித்தவரிடம் போங்கள். கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அங்கே போகும்போது அலோபதிச் சீட்டையும் கையில் எடுத்துப் போங்கள். பெயர் ஒட்டாத பாட்டிலில் யார் கொடுத்தாலும் குடிக்க வேண்டாம்.

எனக்கு பிரஷர் இல்லை. ஆனாலும் ஹார்ட் நோயாளிகள் சாப்பிடும் ஆஸ்பிரின் எழுதியிருக்கிறார்களே?

தப்பாக எழுதவில்லை. முதல் பிரசவம், இரட்டைக் குழந்தை, முந்தைய கர்ப்பத்தில் பிரஷர், அதிக எடை என்று சில காரணங்கள் சேர்ந்தால், பின்னால் பிரஷர் ஏறாமல் இருக்க 75 முதல் 150 மில்லிகிராம்வரை சின்ன டோஸில் தருவார்கள். 12 முதல் 16 வாரத்துக்குள் தொடங்க வேண்டும், இரவில். இதைத் தலைவலிக்குப் போடும் பெரிய ஆஸ்பிரினோடு குழப்பிக்கொண்டு நிறுத்திவிடாதீர்கள்.

மார்த்தாண்டத்தில் ஒரு டாக்டர், திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர். யார் சீட்டைக் கேட்பது?

மேற்குப் பக்கத்துப் பெண்கள் பலருக்கு இதுதான் நிலைமை. ஸ்கேனுக்கு அங்கே, செக்கப்புக்கு இங்கே. ஏழாம் மாதம் தாய்வீட்டுக்குப் போனதும் மூன்றாவதாக ஒருவர். மூன்று பேரும் இரும்பு எழுதுவார்கள், மூன்றும் வேறு வேறு பெயரில். ஒரே நாளில் மூன்று இரும்பும் இரண்டு கால்சியமும் சாப்பிட்டுவிட்டு, வயிறு சரியில்லை என்று நாலாவது மாத்திரை கேட்டு வருவார்கள்.

எல்லாச் சீட்டையும் ஒரே கவரில் வையுங்கள். தாய் சேய் அட்டையின் கடைசியில், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயரை ஒரு பட்டியலாக எழுதி, யார் முன் உட்கார்ந்தாலும் அதை முதலில் நீட்டுங்கள். எழுதத் தெரியாவிட்டால் அட்டைகளையே ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனால் போதும்.

கடைக்கு மாப்பிள்ளைதான் போகிறார். என்ன சொல்லி அனுப்ப?

"கர்ப்பிணிக்கு, இத்தனை மாசம்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள். சில ஆண்களுக்கு அதைச் சொல்ல ஏனோ கூச்சம். ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அட்டையை வெட்டித் தரும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்கட்டும். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து. கடைக்காரர் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

ராத்திரியில் சந்தேகம் வந்தால் 104-க்குக் கூப்பிடலாம், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். ரத்தப்போக்கு, கண் மங்கலோடு கடுமையான தலைவலி, வலிப்பு, குழந்தையின் அசைவு குறைவது, தவறான மாத்திரையை மொத்தமாக விழுங்கியது, இவற்றில் எதற்கும் போன் செய்து கேட்டுக்கொண்டிருக்காமல் 108-ஐ அழைத்து ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரியோ போய்விடுங்கள், அந்தக் கவரையும் எடுத்துக்கொண்டு.